அச்சிட்ட பாடத்தை நடத்தச் சொல்லுங்கள்

பள்ளிக் கல்வியில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பேற்றிருக்கும் உயர் அதிகாரி அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

விக்கிரமசிங்கபுரத்தில் இருந்து எழுதுகிறேன். மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். இந்தக் கடிதத்தில் உள்ள செய்தி உங்களுக்குப் புதிதல்ல. பெற்றோர் கையெழுத்திட்ட மனுவாக ஏற்கெனவே உங்கள் மேசைக்கு வந்ததுதான். பதிவுத் தபாலில் அனுப்பினோம். நேரில் வந்து காத்திருந்தும் கொடுத்தோம். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி வந்தது. அதன்பிறகு ஒரு கல்வியாண்டே முடிந்து, அடுத்த சேர்க்கையும் வந்துவிட்டது. தனியாகச் சொன்னதற்குப் பலன் இல்லாததால் இப்போது ஊரறியச் சொல்லுகிறேன்.

எந்த அரசாணை என்ன சொல்லுகிறது, எத்தனை மாணவர் சேர்ந்தால் ஒரு பாடப்பிரிவு தொடங்கலாம், ஆசிரியர் பணியிடம் எப்படி அனுமதிக்கப்படும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவற்றைத் திருப்பிச் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு மாணவிக்கு மேல்நிலைப் படிப்பில் நடந்ததை மட்டும் சொல்லுகிறேன். அதைப் படித்துவிட்டு நீங்கள் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுகிறேன்.

அவள் எங்கள் ஊர்ப் பெண். பெயர் வேண்டாம். அம்மா பீடி சுற்றுகிறார். அப்பா லோடுமேன். அவள் தாத்தா மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் நன்றாகவே எழுதியிருந்தாள். தமிழும் ஆங்கிலமும் மற்ற எல்லாவற்றையும்விட மேலே இருந்தன. பள்ளி விட்டால் கிளை நூலகத்துக்குப் போய்விடுவாள். புதுமைப்பித்தனையும் கி. ராஜநாராயணனையும் வண்ணநிலவனையும் பதினைந்து வயதுக்குள் படித்திருந்தாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரஸ்கின் பாண்டின் கதைகளை ஆங்கிலத்திலேயே படிக்கத் தொடங்கியிருந்தாள். அவளுக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு அம்மாவும் மகளும் பள்ளிக்குப் போனார்கள். எந்த குரூப் வேண்டும் என்று கேட்டார்கள். சிறப்புத் தமிழ் இருக்கிற குரூப் வேண்டும் என்றாள். அப்படி ஒரு குரூப் இங்கே இல்லை என்றார்கள். கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ் என்று ஒரு பாடம் இருக்கிறதே, அதாவது உண்டா என்று கேட்டாள். அதுவும் இல்லை. அம்மாவின் செல்போனில் இறக்கி வைத்திருந்த சிறப்புத் தமிழ்ப் பாடநூலைத் திறந்து காட்டினாள். அரசு வெளியிட்ட புத்தகம்தான். அங்கிருந்த ஆசிரியை மனசு கஷ்டப்பட்டுத்தான் சொல்லியிருக்கிறார்: “புக் இருக்கு பாப்பா. நடத்தத்தான் போஸ்ட் இல்ல.”

பஸ்ஸில் தினமும் போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள மற்றப் பள்ளிகளில் நானே விசாரித்தேன். கிடைத்தது அதே பதில்தான். திருநெல்வேலிக்குப் போனால் ஒருவேளை கிடைக்கலாம் என்றார்கள். இங்கிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. இருட்டில் கிளம்பி இருட்டில் வீடு திரும்ப, பதினாறு வயதுப் பெண்ணை எந்தத் தாய் அனுப்புவார்? கடைசியில் பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல், கணினிப் பயன்பாடுகள் உள்ள பிரிவில் சேர்த்துவிட்டார்கள். அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. விரும்பிப் படிக்கிறவனுக்கு அவை நல்ல பாடங்கள். இவள் விரும்பவில்லை.

ஐயா, சிறப்புத் தமிழும் கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷும் நாங்கள் புதிதாகக் கேட்கிற சலுகைகள் அல்ல. இரண்டும் மேல்நிலைக் கல்வியின் விருப்பப் பாடப் பட்டியலில் இருப்பவை. 2018-19இல் பதினொன்றாம் வகுப்புக்கும், 2019-20இல் பன்னிரண்டாம் வகுப்புக்கும் புதிய பாடத்திட்டம் வந்தபோது இவற்றுக்கும் பாடநூல் வந்தது. பாடநூல் எழுத வல்லுநர்கள் உட்கார்ந்தார்கள். அச்சாகி அட்டை போட்டு வந்தது. பொதுத்தேர்வில் வினாத்தாளும் உண்டு. இல்லாதது வகுப்பறை மட்டும்தான்.

கேட்டு வருகிற பிள்ளைகள் இல்லை என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். இவள் கேட்டாளே. ஒருத்திதானே என்றார்கள். அவள் பிடிஎஃப் தேடிப் படித்ததால் அப்படி ஒரு பாடம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்? சேர்க்கைப் படிவத்தில் அந்தப் பெயர் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு அடுத்து என்ன படிக்கலாம் என்று சொல்லும் கூட்டங்களிலும் அந்தப் பெயர் வருவதில்லை. கடையைத் திறக்காமலே வைத்துக்கொண்டு, வாங்க ஆளே வரவில்லை என்று கணக்கு எழுதுவது எப்படி நியாயமாகும்?

இன்னொரு சமாதானமும் சொல்லப்பட்டது. பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர எந்த குரூப் படித்திருந்தாலும் போதும். ஆகவே அவளுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்றார்கள். இந்த வாதத்தைக் கேட்டபோதுதான் எனக்குப் பொறுமை போனது. பி.எஸ்சி. இயற்பியலுக்கு மேல்நிலையில் இயற்பியல் வேண்டும். கணிதத்துக்குக் கணிதம் வேண்டும். இலக்கியத்துக்கோ எதுவும் வேண்டியதில்லை. முன்பின் பயிற்சி இல்லாமல் யாரும் வந்து உட்காரக்கூடிய படிப்பு அது என்று நீங்களே முடிவு கட்டியிருக்கிறீர்கள். அப்படி வந்து உட்காருகிற பிள்ளை சாசரையும் ஸ்பென்சரையும் எதிர்கொள்ள வேண்டும். ஒரு கவிதையைத் தானாக வாசித்துத் தன் கருத்தை எழுதிப் பழகாத பிள்ளை அங்கே என்ன செய்யும்? இங்கே செய்ததையே செய்யும். நோட்ஸ் வாங்கும்.

விருப்பப் பாடம் கிடைக்காவிட்டால் போகட்டும், பகுதி இரண்டில் ஆங்கிலம் எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். அந்த வகுப்பில் என்ன நடந்தது என்பதையும் சொல்லுகிறேன்.

முன்பு மேல்நிலையில் தமிழுக்கு இரண்டு தாள், ஆங்கிலத்துக்கு இரண்டு தாள் இருந்தன. பிள்ளைகளின் சுமையைக் குறைக்க என்று சொல்லி 2018-19இல் ஒவ்வொன்றையும் ஒரே தாளாக்கினார்கள். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பிலும் அப்படியே ஆயிற்று. இப்போது உரைநடை, செய்யுள், துணைப்பாடம், இலக்கணம், கடிதம், கட்டுரை எல்லாமே 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வு ஒன்றுக்குள் அடங்கவேண்டும். மீதி 10 அகமதிப்பீடு. சுமை குறைந்ததை மறுக்கவில்லை. குறைந்தது எது என்று யாராவது பார்த்தார்களா? படித்ததைப் பற்றிப் பிள்ளை தன் சொல்லில் நீளமாக எழுதும் இடம்தான் குறைந்தது.

ஆனாலும் பாடநூலைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல பாடநூல் அது. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் ஏ.ஜே. குரோனின் இருக்கிறார், ஜார்ஜ் ஆர்வெல் இருக்கிறார், டால்ஸ்டாயின் கதை இருக்கிறது, தோரு தத்தின் சவுக்கு மரம் பற்றிய கவிதை இருக்கிறது, டென்னிசனின் யுலிசிஸ் இருக்கிறது. இடைசெவல் கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ கதையும் ஆங்கிலத்தில் அங்கே பாடமாக இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் அவள் வகுப்புக்கு ஆங்கில ஆசிரியர் இல்லை. பணியிடம் காலி. வேறு பாடத்து ஆசிரியர் ஒருவர் தம் வகுப்புகளோடு இதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் அவரைத்தான் நிற்க வைத்துக் கேள்வி கேட்பீர்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் கைடைக் கொடுத்தார், ‘மினிமம் மெட்டீரியல்’ கொடுத்தார், முக்கியக் கேள்விகளுக்கு விடை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்.

காலாண்டுத் தேர்வில் ‘நாற்காலி’ கதையில் இருந்து ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தது. ஊரில் சாவு விழும்போதெல்லாம் பிணத்தை உட்கார வைக்க அந்த வீட்டு நாற்காலியைக் கேட்டு ஆள் வருகிறது. பிள்ளைகள் அதில் உட்காரப் பயப்படுகிறார்கள். கதையை நீங்களும் படித்திருப்பீர்கள். இவள் அந்தக் கதையை முன்பே தமிழில் படித்திருந்தாள். கைடில் இருந்த விடையை எழுதவில்லை. தானே எழுதினாள். அந்த விடைத்தாளை நான் பார்த்தேன். அவள் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்.

அவளுடைய தாத்தா இறந்தபோது பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கி வந்து, நாடிக்கட்டுக் கட்டி அதில் உட்கார வைத்தார்கள். எல்லாம் முடிந்தபின் நாற்காலியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் அதைத் திண்ணையில் போட்டுவிட்டார்கள். யாரும் அதில் உட்காரவில்லை. ஒருநாள் சாயங்காலம் இவள் போய் அதில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். தாத்தா மடியில் உட்கார்ந்ததுபோல் இருந்தது என்று எழுதியிருந்தாள். கதையில் வரும் பிள்ளைகள் எதற்குப் பயந்தார்கள் என்பது தனக்குத் தெரியும் என்றும், அந்தப் பயம் எப்படிப் போகும் என்பதும் தெரியும் என்றும் முடித்திருந்தாள். ஆங்கிலத்தில் பிழைகள் இருந்தன. காலம் மாறியிருந்தது, இரண்டு மூன்று இடங்களில் எழுத்துப் பிழை. நான் பணியில் இருந்தவரை, ஒரு பாடத்தை இவ்வளவு உள்வாங்கி எழுதிய விடை என் கைக்கு வந்தது அபூர்வம்.

அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. கீழே, கைடில் உள்ளபடி எழுதவும் என்று ஒரு குறிப்பு. மதிப்பெண் சுழியம்.

அவள் அம்மா அந்தத் தாளைக் கொண்டுவந்து என்னிடம் காட்டிக் கேட்டார்: “எங்க அய்யா செத்தப்ப நடந்ததத்தான சார் எழுதிருக்கா? பிள்ள எழுதுனதுல என்ன தப்பு?”

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள். கி.ரா.வைப் பாடநூலில் வைத்ததும் உங்கள் துறைதான். கி.ரா.வைப் புரிந்துகொண்ட பிள்ளைக்குச் சுழியம் போட வைத்ததும் உங்கள் துறைதான். ஆசிரியர் இல்லாத வகுப்பில் கோடு போட்ட கை யாருடையதாக இருந்தாலும், அந்தக் கையில் பேனாவைக் கொடுத்தவர் நீங்கள்.

அதற்குப் பிறகு அவள் அந்தத் தவறைச் செய்யவில்லை. பொதுத்தேர்வில் கைடை வரி பிசகாமல் எழுதினாள். ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண். இப்போது பி.காம். படிக்கிறாள். உங்கள் பதிவேட்டில் அவள் ஒரு தேர்ச்சி. ஒரு வாசகியை, வருங்காலத்தில் எழுதியிருக்கக்கூடிய ஒருத்தியை இரண்டே ஆண்டில் இல்லாமல் ஆக்கிய கணக்குக்கு உங்களிடம் பதிவேடு இல்லை.

இது எந்த ஊரில் நடந்தது என்பதையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தொல்காப்பியப் பாயிரத்துக்கு விருத்தி எழுதிய சிவஞான முனிவர் பிறந்தது விக்கிரமசிங்கபுரத்தில். கம்பராமாயணத்தின் முதல் செய்யுள் ஒன்றுக்கே தனியாக ஒரு விருத்தி எழுதியவர் அவர். அதே கம்பனை உலகத்தின் பெருங்கவிகளோடு வைத்து ஆங்கிலத்தில் ஆராய்ந்து நூல் எழுதினார் வ.வே.சு. ஐயர், பெல்லாரிச் சிறையில் இருந்தபோது எழுதியது அது. தமிழ்ச் சிறுகதையின் தொடக்கத்தைப் பேசும் எவரும் அவருடைய ‘குளத்தங்கரை அரசமர’த்தைச் சொல்லாமல் இருப்பதில்லை. சேரன்மாதேவிக் குருகுலத்தை நடத்திவந்த அவர் 1925 ஜூனில் இங்கே பாபநாசம் அருவியில், தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டார். கம்பனைத் தமிழில் துருவிப் பார்த்தவர் இந்த ஊரில் பிறந்தார். கம்பனை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னவர் இந்த மண்ணில் இறந்தார். இங்கே ஒரு பெண்ணுக்குத் தமிழ் இலக்கியமும் கிடையாது, ஆங்கில இலக்கியமும் கிடையாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள்.

இந்தப் பொருநை ஆற்றங்கரையில் தமிழும் ஆங்கிலமும் எதிரெதிராக நின்றதே இல்லை. எங்கள் பல்கலைக்கழகம் மனோன்மணீயம் சுந்தரனார் பெயரில் இருக்கிறது. லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கதையைத் தழுவித்தான் அவர் 1891இல் ‘மனோன்மணீயம்’ நாடகத்தைத் தந்தார். புதுமைப்பித்தன் ஆங்கிலத்தின் வழியாக உலகச் சிறுகதைகளைப் படித்துத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தொ.மு.சி. ரகுநாதன் கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழாக்கினார். இந்தப் பெண்ணும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் கி.ரா., ஒரு பக்கம் ரஸ்கின் பாண்ட். நடுவில் ஒரு அகராதி.

இலக்கியம் படித்தால் வேலை கிடைக்குமா என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். இந்தக் கேள்வியை வெளியார் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். 2022 நவம்பரில் இதே பள்ளிக் கல்வித் துறைதான் திருநெல்வேலியில் பொருநை இலக்கியத் திருவிழா நடத்தியது. 2023 ஜனவரியில் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியைத் தொடங்கியதும் இதே துறைதான். தமிழ் நூல்கள் பிற மொழிகளுக்குப் போக அரசு மானியமும் கொடுக்கிறது. இவை எல்லாம் நல்ல காரியங்கள், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் மொழிபெயர்க்க ஆள் எங்கிருந்து வருவார்? இரண்டு மொழியிலும் ஆழப் படித்தவர்கள் தேவை என்று பணம் ஒதுக்குகிற துறை, இரண்டு மொழியையும் ஆசையோடு படிக்க வந்தவளிடம் இதனால் என்ன பயன் என்று கேட்கலாமா? எங்கள் ஆற்றின் பெயரில் இரண்டு நாள் இலக்கியத் திருவிழா கொண்டாடத் தெரிந்தவர்களுக்கு, அதே ஆற்றின் தலைமாட்டில் இரண்டு வருஷம் இலக்கியம் நடத்த ஏன் தெரியவில்லை?

வெளியே பாருங்கள். இலங்கையில் க.பொ.த. சாதாரண தரத்திலேயே தமிழ் இலக்கிய நயமும் ஆங்கில இலக்கிய நயமும் பிள்ளைகள் தெரிவு செய்யக்கூடிய பாடங்கள். சிங்கப்பூரில் ஓ லெவலில் தமிழ் இலக்கியம் தனிப் பாடமாக உண்டு. ஏ லெவலில் தமிழ்மொழியும் இலக்கியமும் சேர்த்துப் படிக்கலாம். நம் நாட்டில் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில், எல்லாருக்கும் பொதுவான ஆங்கிலம் ஒன்று இருக்க, இலக்கியம் விரும்புகிறவர்களுக்கென ‘இங்கிலீஷ் எலக்டிவ்’ தனியாக இருக்கிறது. கடல் கடந்த தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைப்பது சிவஞான முனிவர் ஊர்ப் பிள்ளைக்குக் கிடைக்காது என்றால், அதைப் பணப் பற்றாக்குறை என்று சொல்லி ஒதுக்க முடியாது. யாருடைய பிள்ளை எதைப் படித்தால் போதும் என்ற முடிவு அதற்குப் பின்னால் இருக்கிறது. பீடி சுற்றுகிறவர் மகளுக்கு மொழி என்றால் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தால் போதும், கவிதை எதற்கு என்ற முடிவு அது. யாரும் அதை எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் சேர்க்கை மேசையில் அது நடந்துகொண்டே இருக்கிறது.

2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் எல்லாவற்றுக்கும் நீண்டது. பீடித் தட்டு மடியில் இருக்கிற தாய்மார்கள் அன்று கண்ணீர் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் டாக்டர் ஆகட்டும், என்ஜினியர் ஆகட்டும். எழுத்தாளரும் ஆகட்டும். கதை படித்து அழவும், அழுததை ஆங்கிலத்திலும் தமிழிலும் சொல்லவும் உரிமை வசதியானவர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் என்று வைத்துவிடாதீர்கள்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரே ஒரு மேல்நிலைப் பள்ளியிலாவது சிறப்புத் தமிழும் கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷும் உள்ள பிரிவைத் தொடங்குங்கள். சேர்க்கைப் படிவத்தில் அந்தப் பாடங்களின் பெயரை அச்சிடுங்கள். காலியாகக் கிடக்கும் ஆங்கில ஆசிரியர் பணியிடங்களை நிரப்புங்கள். கைடில் இல்லாததை எழுதினான் என்பதற்காக எந்தப் பிள்ளையின் விடையிலும் கோடு போடக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அந்தச் சுற்றறிக்கைக்குச் செலவு ஒரு தாள்தான்.

இதற்கும் பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரு வரி வேண்டாம். முடியும் என்றால் வருகிற ஜூனில் செய்து காட்டுங்கள். முடியாது என்றால், விக்கிரமசிங்கபுரத்துப் பிள்ளைகளுக்கு இலக்கியம் தேவையில்லை என்று எழுதி, கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டு அனுப்புங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தாயின் கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொள்ளுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன்,
விக்கிரமசிங்கபுரம்.